இன்றைய சார்ஜ், நாளைய பேட்டரி

(திண்டிவனத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புது போன் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்பது. கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார். 5000 எம்.ஏ.எச். என்பார், 6000 என்பார். எண் பெரிதாக இருந்தால் நமக்கும் நிம்மதி. ஆனால் ஒரே கடையில் ஒரே மாடல் போனை வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு இரவு பத்து மணிக்கும் சார்ஜ் மிச்சம் இருக்கிறது. இன்னொருவருக்கு மாலை நான்கு மணிக்கே போன் அணைந்துவிடுகிறது. பேட்டரி ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்வோம். 5000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி), அதாவது 5 ஆம்பியர் மணி கொண்ட பேட்டரி, சுமார் 3.85 வோல்ட்டில் இயங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 19 வாட் மணி வரும். சார்ஜரிலும் போனிலும் சூடாகப் போகிற இழப்பையும் சேர்த்தால், ஒரு முறை முழுதாக சார்ஜ் போட 25 வாட் மணி செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். மின்வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட் 1000 வாட் மணி. அப்படியானால் ஒரே யூனிட்டில் நாற்பது முறை சார்ஜ் போடலாம். தினமும் முழுதாக சார்ஜ் போட்டாலும் ஓர் ஆண்டுக்கு ஒன்பது, பத்து யூனிட்தான். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாகக் கிடைக்கிற நம் மாநிலத்தில் இந்தச் செலவு கணக்கிலேயே வராது. ஆகவே போனின் சார்ஜைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று நான் சொல்லும்போது கரண்ட் பில்லை மனதில் வைத்துச் சொல்லவில்லை. பத்தாயிரம், பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கிய பொருள் நான்கைந்து ஆண்டு உழைக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் அது நம் கையில் உயிரோடு இருக்க வேண்டும். என் கவலை அதுதான்.

நம் போன்களில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரியின் கதையில் தமிழர் ஒருவருக்கும் இடம் உண்டு. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் இதற்கு வித்திட்டார். 1980இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி அதன் வலிமையைக் கூட்டினார். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1991இல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இந்த மூவருக்கும் கிடைத்தது. அப்போது 97 வயதாகியிருந்த குட்இனஃப்பின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, பல ஆண்டுகள் குட்இனஃப்புடன் சேர்ந்து ஆய்வு செய்தவர் அவர். பேட்டரிக்கு அடிப்படையான மின்வேதியியலுக்காகவே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்து உருவாகக் காரணமான நிறுவனம் அது. ஆகவே தம்பி தங்கைகளே, பேட்டரி என்பது எங்கோ இருக்கிறவர்களின் வித்தை என்று ஒதுங்கி நிற்காதீர்கள்.

சார்ஜ் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இன்று போட்ட சார்ஜ் இன்று இரவு வரை நிற்குமா என்பது ஒன்று. இந்த பேட்டரி எத்தனை ஆண்டுக்கு இதே அளவு சார்ஜைத் தாங்கும் என்பது இன்னொன்று. ஏரிப் பாசனம் தெரிந்த உங்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். மதகைத் தேவைக்கு மேல் திறந்துவிட்டால் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். அது இந்தப் போகத்துக்கான கவலை. ஏரியில் ஆண்டுக்கு ஆண்டு தூர் சேர்ந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். அது அடுத்த தலைமுறையின் கவலை. போனிலும் அப்படித்தான். அன்றாடச் செலவைக் குறைக்கிற வழி வேறு, பேட்டரியில் தூர் சேராமல் காக்கிற வழி வேறு.

முதல் கேள்விக்கு வருகிறேன். புது போன் வாங்கிய முதல் சில நாட்களில், "என்னங்க, பழைய போனே தேவலாம் போலிருக்கு, சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது" என்று பலரும் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். அந்த நாட்களில் போன் உள்ளுக்குள் நிறைய வேலை செய்கிறது. பழைய போனிலிருந்த படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் இறக்குகிறது. ஆப்களைப் புதுப்பிக்கிறது. ஆயிரக்கணக்கான புகைப்படங்களை அலசி வகை பிரிக்கிறது. போதாக்குறைக்கு, கையில் புதுசு என்பதால் நாமும் அதைக் கீழே வைப்பதில்லை. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், எந்த ஆப்பை நீங்கள் அடிக்கடி திறக்கிறீர்கள், எதைத் தொடுவதே இல்லை என்று கவனித்து, தொடாதவற்றின் செலவைத் தானாகவே குறைக்கிற வசதியும் இருக்கிறது. அது உங்கள் பழக்கத்தைப் படிக்கச் சில நாட்கள் ஆகும். ஆகவே ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

புது போனை முதலில் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய நிக்கல் பேட்டரிக் காலத்து அறிவுரை அது. அதே போல, வாரத்துக்கொரு முறை சுத்தமாகக் காலி செய்துவிட்டு ஏற்ற வேண்டும் என்பதும் அந்தக் காலத்துப் பாடம். இன்றைய பேட்டரிக்கு இரண்டுமே தேவையில்லை. இரண்டாவது அறிவுரை கெடுதலும் செய்யும்.

செலவு எங்கே போகிறது என்று அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை, போனே கணக்கு வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் பேட்டரி என்ற பக்கத்தைத் திறந்தால் எந்த ஆப் எத்தனை சதவீதம் எடுத்தது என்று வரிசையாக இருக்கும். வீட்டு வரவு செலவைப் பார்க்கிற கண்ணால் அதைப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் பெரிய செலவு இரண்டு: ஒன்று திரை, இன்னொன்று சிக்னல்.

திரையின் வெளிச்சம் கூடக் கூடச் செலவும் கூடும். வெளிச்சத்தை போனே சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளும்படி வைப்பது நல்லது. திரை அணையும் நேரத்தை முப்பது விநாடியாகக் குறைத்து வையுங்கள். ஒரு விநாடிக்குத் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை 120 ஹெர்ட்ஸ், 90 ஹெர்ட்ஸ் என்று விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். செய்தி படிக்கவும் பேசவும் 60 போதும். கறுப்புப் பின்னணிக்கு மாற்றினால் சார்ஜ் மிச்சமாகும் என்பது பாதி உண்மை. ஓ.எல்.இ.டி. திரையில் கறுப்புப் புள்ளி அணைந்தே இருக்கும் என்பதால் அங்கே மிச்சம் உண்டு. விலை குறைந்த போன்களில் உள்ள எல்.சி.டி. திரையில் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும், அங்கே பலன் இல்லை. ஓ.எல்.இ.டி. திரையிலும்கூட எவ்வளவு மிச்சம் என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சம் முழுதாக இருக்கும்போது சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மிச்சமானது. வழக்கமான 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். பட்டப்பகலில் வயல் வரப்பில் நின்று வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கிறவருக்குக் கறுப்புப் பின்னணி உதவும். இரவில் வீட்டுக்குள் பார்க்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

சிக்னலைப் பற்றி நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. டவர் அருகில் இருந்தால் போன் மெல்லப் பேசும். டவர் தொலைவில் இருந்தால் உரக்கக் கத்தும். அந்தக் கத்தலுக்குச் சார்ஜ்தான் தீனி. திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலேறித் தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது போன் ஒரு டவரை விட்டு அடுத்த டவருக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. இடையில் சிக்னல் குறைகிற இடங்களில் விடாமல் தேடுகிறது. அதே நேரத்தில் நாம் வீடியோவும் பார்த்தால், வேலைக்குப் போய்ச் சேரும்போதே பெரும் பங்கு தீர்ந்திருக்கும். பார்க்க வேண்டியதை இரவே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் இந்தச் செலவு நன்றாகக் குறையும். செஞ்சி மலைப் பக்கமோ உள்கிராமங்களிலோ 5ஜி வந்து வந்து போகிற இடத்தில் இருப்பவர்கள், போனை 4ஜியிலேயே நிறுத்தி வையுங்கள். இரண்டு சிம்மில் ஒன்றுக்கு உங்கள் ஊரில் சிக்னலே இல்லை என்றால், ஊரில் இருக்கும் வரை அந்த சிம்மை அணைத்து வையுங்கள். இல்லாத டவரை அது இரவு பகலாகத் தேடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஆப்கள். வாட்ஸ்அப்பில் உறவினர் குழு, தெருக் குழு, பள்ளித் தோழர் குழு என்று இருக்கும். காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்கிக்கொண்டே இருக்கும். தானாக இறங்குவதை நிறுத்திவிட்டு, வேண்டியதை மட்டும் தொட்டு இறக்குங்கள். சார்ஜும் மிஞ்சும், டேட்டாவும் மிஞ்சும், இடமும் மிஞ்சும். இருப்பிடம் அறியும் அனுமதியை, ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று மாற்றுங்கள். அதே நேரம், திறந்த ஆப்களையெல்லாம் நிமிடத்துக்கொரு முறை தள்ளித் தள்ளி மூடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒதுங்கியிருக்கும் ஆப்பை உறங்கவைக்க ஆண்ட்ராய்டுக்கு 2015 முதலே தெரியும். நாம் மூடி மூடித் திறக்கும்போது அது முதலிலிருந்து மறுபடி எழ வேண்டியிருக்கிறது. அதனால் செலவு கூடுகிறது. பேட்டரியைச் சேமித்துத் தருவதாகச் சொல்லித் தனியாக வருகிற ஆப்களும் வேண்டாம். அவையும் சார்ஜைத் தின்றுகொண்டுதான் ஓடுகின்றன.

இனி இரண்டாவது கேள்வி. பேட்டரி ஏன் மூப்படைகிறது? லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதும் வருவதுமே சார்ஜ் ஏறுவதும் இறங்குவதும். ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் லித்தியம் கிராஃபைட் முனையின் மேல் படலமாகப் படிந்து, திரும்பி வராமல் நின்றுவிடுகிறது. இதைத் தடுக்க முடியாது, மெதுவாக்க முடியும். படலத்தை வேகமாக வளர்ப்பவை இரண்டு. ஒன்று சூடு. மற்றொன்று, நூறு சதவீதத்தில் பேட்டரிக்குள் நிலவும் உயர்ந்த வோல்ட்டேஜ். இரண்டும் சேர்ந்தால் சேதம் பல மடங்கு.

பேட்டரித் துறையில் பரவலாக எடுத்துக்காட்டும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். 25 டிகிரி வெப்பத்தில், 40 சதவீத சார்ஜில், பயன்படுத்தாமல் ஓர் ஆண்டு வைத்திருந்த லித்தியம் பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே வெப்பத்தில் நூறு சதவீத சார்ஜோடு வைத்திருந்தால் 80தான் மிஞ்சும். வெப்பம் 40 டிகிரி ஆனால் 40 சதவீத சார்ஜில் வைத்ததற்கு 85, நூறு சதவீதத்தில் வைத்ததற்கு 65. நாற்பது டிகிரி என்பது நமக்குப் புதிதல்ல. கத்திரி வெயிலில் விழுப்புரம் அதைத் தொட்டுவிடுகிறது. பைக்கின் முன்னால் மாட்டிக்கொண்டு வழிகாட்டும் மேப் பார்த்தபடி போகிற டெலிவரித் தம்பிகள், மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் நிற்கிறவர்கள், விக்கிரவாண்டிச் சாலையில் லாரியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனை வைத்திருக்கிற ஓட்டுநர்கள், இவர்களுடைய பேட்டரிதான் முதலில் தளர்கிறது. நேர் வெயில் படாதபடி துணியாலாவது மூடுங்கள். போன் சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது தலையணைக்கடியிலோ மெத்தையிலோ வைக்காதீர்கள். தடித்த உறை போட்டிருந்தால் அந்த நேரத்துக்குக் கழற்றி வையுங்கள்.

சாதாரண நாட்களில் சார்ஜை 20 சதவீதத்துக்குக் கீழே போகவிடாமல், 80ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. எண்பதோடு நிறுத்தும் வசதி இப்போது பல போன்களிலேயே இருக்கிறது, பேட்டரிப் பாதுகாப்பு என்ற பெயரில் தேடிப் பாருங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜ் போட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். சுழற்சி என்று நிறுவனங்கள் எண்ணுவது மொத்தமாக நூறு சதவீதம் செலவானதைத்தான். இன்று ஐம்பது, நாளை ஐம்பது செலவழித்தால் இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே சுழற்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம் நாட்டுக் கடையிலும் இந்தக் கேள்வியை நாம் கேட்கத் தொடங்க வேண்டும். எம்.ஏ.எச். எவ்வளவு என்று கேட்கிற வாயால், எத்தனை சுழற்சி தாங்கும் என்றும் கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் சொல்லும் கட்டாயம் விற்கிறவர்களுக்கு வரும்.

சார்ஜர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாலையோரத்தில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சார்ஜரில், வோல்ட்டேஜ் ஏறி இறங்கும்போது போனைக் காக்கிற அமைப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண், ஆர் என்ற எழுத்தோடு தொடங்குவது, சார்ஜரிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். போனின் பின்பக்கம் உப்பிக்கொண்டு வந்தால் அன்றே பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். அழுத்துவதோ குத்துவதோ கூடவே கூடாது, தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் வீசாமல் திரும்பக் கொடுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன.

இதுவரை சொன்ன இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகிற நாள் ஒன்று இருக்கிறது. அது புயல் நாள். பேட்டரியின் ஆயுளுக்கு எண்பது நல்லது. ஆனால் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் நூறு வரை ஏற்றிவிடுங்கள். அன்று ஒருநாள் பேட்டரிக்கு வருகிற மூப்பு பொருட்டே அல்ல.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயில்கள் நின்றன. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலை துண்டானது. தென்பெண்ணையில் வெள்ளம் வருகிறது என்ற செய்தி கரையோர மக்களுக்கு உயிர்ச் செய்தி. அதைக் கேட்க வேண்டிய நேரத்தில் ஊர் ஊராகக் கரண்ட் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலையும் உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்படிப்பட்ட நாளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். கரண்ட் போனதும் டவர்கள் தங்கள் பேட்டரியிலும் டீசலிலும் கொஞ்ச நேரம் ஓடுகின்றன. பிறகு ஒவ்வொன்றாக அடங்குகின்றன. மிச்சமிருக்கும் டவர் தொலைவில் இருக்கும். அதைத் தேடித் தேடி உங்கள் போன் மற்ற நாளைவிட வேகமாகச் சார்ஜைக் கரைக்கும். சார்ஜ் போட வழி இல்லாத நாளில்தான் சார்ஜ் வேகமாக இறங்குகிறது. இதைத் தெரிந்து வைத்திருக்கிற குடும்பம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

வீட்டில் மூன்று போன் இருந்தால் ஒன்று மட்டும் விழித்திருக்கட்டும். மற்ற இரண்டையும் அணைத்து வையுங்கள். விழித்திருக்கும் போனில் சார்ஜ் குறைந்ததும் முறை மாற்றுங்கள். எச்சரிக்கையும் தவறாது, மூன்றும் ஒன்றாகத் தீர்ந்தும் போகாது. விழித்திருக்கும் போனில் டேட்டாவை அணைத்து, பேட்டரி சேவரை முதலிலேயே போட்டுவிடுங்கள். பதினைந்து சதவீதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நலமாக இருக்கிறோம் என்று சொல்ல எஸ்.எம்.எஸ். போதும். டார்ச்சுக்கு போனைப் பிடிக்காமல் தனியாக ஒரு டார்ச் வைத்திருங்கள். நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் வந்தால் ஒரே போனை நூறு வரை ஏற்றிக்கொண்டிருக்காதீர்கள். லித்தியம் பேட்டரி பாதி வரை வேகமாக ஏறும், கடைசி இருபது சதவீதம் மிக மெதுவாக ஏறும். ஒன்றை அறுபது வரை ஏற்றிவிட்டு அடுத்ததை மாட்டினால் அதே நேரத்தில் இரண்டு போன் பிழைக்கும்.

பவர் பேங்க் வாங்குகிறவர்களும் கணக்குத் தெரிந்து வாங்குங்கள். 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் 5000 போனை இரண்டு முறை ஏற்றலாம் என்று நினைப்போம். 3.7 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு மாற்றும்போதும், போனுக்குள் ஏறும்போதும் இழப்பு உண்டு. ஒன்றேகால் முறை கிடைத்தாலே நல்லது. அக்டோபர் பிறந்ததும் அதைப் பாதிக்கு மேல் சார்ஜோடு வைத்திருங்கள். எச்சரிக்கை வந்ததும் நிரப்பிவிடுங்கள். வீட்டில் பழைய பட்டன் போன் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு சிம்மைப் போட்டால் நாள்கணக்கில் நிற்கிற போன் அது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, அவசர உதவிக்கு 112, மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகம் 94987 94987. இவற்றோடு உறவினர் நான்கு பேரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போன் அணைந்துவிட்டால் அதில் உள்ள எண்களும் நமக்கு உதவாது.

கல்லூரி மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை உங்களுக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் உங்கள் பாட்டிக்கும், எதிர்வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கும், மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய போனை வைத்துக்கொண்டு திணறும் அம்மாவுக்கும் அது பெரிய மலை. செட்டிங்ஸில் உள்ள ஆங்கில எழுத்தைப் பார்த்து, எதையாவது தொட்டால் கெட்டுப்போகுமோ என்று பயப்படுகிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் ஒரு திண்ணையில் உட்காருங்கள். ஒவ்வொருவருடைய போனையும் வாங்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, பேட்டரிப் பக்கத்தைத் திறந்து, சார்ஜ் எங்கே போகிறது என்று அவர்களுக்கே காட்டுங்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டு மாற்ற வேண்டியதை மாற்றிக் கொடுங்கள். சார்ஜரில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அவசர எண்களை எழுதிக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு தெருவில் இதைச் செய்து முடித்தால், அடுத்த புயலில் அந்தத் தெருவில் எந்தப் பெரியவரும் யாரையும் அழைக்க முடியாமல் தவிக்க மாட்டார்.